யார் இந்த எல்மர் கீத்? கையிலேயே வெடித்த ரிவால்வரும் 44 மேக்னம் பிறந்த கதையும்!

1971-ல் வெளியான 'டர்ட்டி ஹாரி' படத்தில் கிளின்ட் ஈஸ்ட்வுட் கையில் மிரட்டிய துப்பாக்கி நினைவிருக்கா? அதுதான் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 29. அது சுடும் 44 மேக்னம் தோட்டாவுக்குப் பின்னால் 30 வருஷப் பிடிவாதம் இருக்கு. அந்தப் பிடிவாதக்காரர்தான் அமெரிக்காவின் ஐடஹோ மாகாணத்தைச் சேர்ந்த மாடு மேய்ப்பவர், எழுத்தாளர் எல்மர் கீத்.

தீயில் கருகிய கை

1899-ல் மிசூரி மாகாணத்தில் பிறந்தவர் கீத். சிறுவயதில் மொன்டானாவில் நடந்த தீ விபத்தில் படுகாயம் அடைந்தார். இடது கை கோணிப்போனது. பெற்றோரே அதை நிமிர்த்திக் கட்டி, மீண்டும் பழக்கினார்கள். அதே கையோடுதான் பின்னாளில் குதிரை ஓட்டினார், வேட்டையாடினார், கட்டுரை எழுதினார்.

அந்தக் கால கவ்பாய்களுக்கு ரிவால்வர் அலங்காரப் பொருள் இல்ல. கால் வளையத்தில் கால் சிக்கி, மிரண்ட குதிரை தரதரவென இழுத்துப் போனால், அதை நிறுத்த ஒரே குண்டுதான் வழி. அதனால் வலுவான தோட்டா வேண்டும் என்று நினைத்தார் கீத்.

1925 ஜூலை 4: என்ன நடந்தது?

அமெரிக்க சுதந்திர தினம். கொண்டாட்டமாக தன் பழைய 45 கோல்ட் ரிவால்வரால் வானத்தை நோக்கிச் சுட்டார். உள்ளே இருந்தது வழக்கத்தைவிட கனமான குண்டு. சிலிண்டரின் மேல்பகுதியும் அதற்கு மேலே இருந்த ஃபிரேம் பட்டையும் பிய்த்துக்கொண்டு போயின. பெரிய காயம் இல்லாமல் தப்பினார்.

காரணம் ரொம்ப சிம்பிள். 45 தோட்டா பருமனானது. ஆறு தோட்டாவுக்கு ஆறு துளை போட்டால், துளைக்கும் வெளிப்பக்கத்துக்கும் நடுவே மிஞ்சும் இரும்புச் சுவர் மெல்லிசாகிவிடும். அதே அளவு சிலிண்டரில் சற்று ஒல்லியான 44 தோட்டா போட்டால் சுவர் தடிக்கும். அன்றிலிருந்து கீத் 44 ஸ்பெஷல் பக்கம் சாய்ந்தார்.

கேட்டதைவிட அதிகம் கிடைத்தது

1935-ல் 357 மேக்னம் வந்தது. கீத்துக்கு அது போதவில்லை. 44-ல் கனமான குண்டை விநாடிக்கு சுமார் 1,200 அடி வேகத்தில் செலுத்தும் தோட்டாவை ஆலைகளே தயாரிக்க வேண்டும் என்று பத்திரிகைகளில் எழுதிக்கொண்டே இருந்தார். பழைய, பலவீனமான துப்பாக்கிகளில் அதைப் போட்டால் வெடித்துவிடுமே என்று நிறுவனங்கள் தயங்கின.

கடைசியில் தோட்டாவை ரெமிங்டன் செய்தது, துப்பாக்கியை ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் செய்தது. 1956-ல் சந்தைக்கு வந்த 44 மேக்னத்தின் வேகம் 1,400 அடியைத் தாண்டியது. பழைய துப்பாக்கிக்குள் நுழையவே முடியாதபடி தோட்டாவின் உறையை சுமார் எட்டில் ஒரு அங்குலம் நீட்டினார்கள்.

எது நீண்ட நாள் உழைத்தது?

அதே 1956-ல் ரூகர் நிறுவனமும் 44 மேக்னம் பிளாக்ஹாக்கைக் கொண்டுவந்தது. முதலில் 357 ஃபிரேமிலேயே செய்து பார்த்தபோது சோதனையில் ஒன்று வெடித்தது. உடனே ஃபிரேமையும் சிலிண்டரையும் பெரிதாக்கினார்கள். அதன் சிலிண்டர் பக்கவாட்டில் திறக்காது. சுற்றிலும் முழு இரும்பு. அதனால் தேய்மானம் குறைவு.

மாடல் 29 சிலிண்டர் வெளியே திறக்கும். தோட்டா போடுவது சுலபம், சுடுவதும் இதம். ஆனா கனமான தோட்டாக்களை ஆயிரக்கணக்கில் சுட்ட இலக்குப் போட்டியாளர்களிடம் பலவீனம் தெரிந்தது. அதிர்வில் பூட்டு விலகி, சிலிண்டர் பின்னோக்கிச் சுழன்றது. 1980-களின் பிற்பகுதியில்தான் நிறுவனம் உள்பாகங்களை பலப்படுத்தியது.

கீத் அதைப் பார்க்கவில்லை. 1981-ல் பக்கவாதம் தாக்கியது. 1984-ல், 84 வயதில் காலமானார்.

இன்றைக்கும் பழைய மேக்னம் வாங்குபவர்கள், காலி என்று உறுதி செய்ததும் சிலிண்டரை முன்னும் பின்னும் அசைத்துப் பார்ப்பார்கள். ஆட்டம் இருந்தால், எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், அது நிறைய சுட்டுத் தேய்ந்த துப்பாக்கி என்று அர்த்தம்.