பனிக்கட்டி ஒளித்த ரகசியம்

அடுப்பை எவ்வளவு எரியவிட்டாலும், திறந்த பாத்திரத்தில் கொதிக்கும் தண்ணீரின் வெப்பநிலை 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. ஏன் தெரியுமா? விடை கண்டவர் ஜோசப் பிளாக்.

1728-ம் ஆண்டு பிரான்சின் போர்தோ நகரில் பிறந்த இவர், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். உருகத் தொடங்கிய பனிக்கட்டி, இன்னும் சிறிது வெப்பம் பட்டாலே முழுவதும் உருகிவிடும் என்றே அன்று நம்பினார்கள். பிளாக்குக்குச் சந்தேகம். அப்படியானால் மலைப்பனியெல்லாம் சட்டென்று உருகி, ஊர்களை வெள்ளம் அடித்துச் சென்றிருக்குமே!

1761-ல் சோதித்துப் பார்த்தார். ஒரு கண்ணாடிக் குடுவையில் பனிக்கட்டி. இன்னொன்றில் அதே எடையுள்ள சில்லென்ற தண்ணீர். தண்ணீர் அரை மணி நேரத்தில் 7 டிகிரி பாரன்ஹீட் சூடேறியது. பனிக்கட்டி உருகி அதே வெப்பநிலைக்கு வரவோ பத்தரை மணி நேரம் ஆனது!

அத்தனை வெப்பமும் எங்கே போனது? பனிக்கட்டியை உருக்குவதற்கே செலவாகிவிட்டது. அதனால் அது வெப்பமானியில் தெரியவில்லை. இதுதான் 'உள்ளுறை வெப்பம்'. கொதிக்கும் நீர் ஆவியாவதற்கும் இப்படித்தான் வெப்பம் செலவாகிறது. நீராவியைக் கண்டு வியந்த நண்பர் ஜேம்ஸ் வாட்டுக்கும் பிளாக் இதை விளக்கினார்.

தம் கண்டுபிடிப்பை வகுப்பில் சொல்லிக்கொடுத்தாரே தவிர, பிளாக் புத்தகமாக எழுதவில்லை. 1799-ல் மறைந்தார். அவரது வகுப்புப் பாடங்கள் 1803-ல்தான் நூலாயின.