அக்கு வேறு ஆணி வேறாக

கடந்த பருவ விடுமுறைக்கு லூமுட் திரும்பியபோது, வீட்டு முன்னால் எங்கள் பழைய மகிழுந்து வாயைத் திறந்துகொண்டு நின்றது. சித்தியவான் சாலையில் ரேடியேட்டர் குழாய் வெடித்து, தண்ணீரில்லாமல் சிறிது தூரம் ஓடியதில் எஞ்சின் சூடேறி, ஹெட் கேஸ்கெட் போய்விட்டதாம். எண்ணெய்க் குச்சியை உருவிப் பார்த்தேன். எண்ணெய் பால் கலந்த காப்பியைப் போல் இருந்தது. பட்டறையில் கேட்ட தொகை அப்பாவின் ஒரு மாதச் சம்பளத்தை நெருங்கியது. வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று அப்பா முடிவு செய்தார். அண்ணன் ஜொகூரில் வேலை செய்வதால் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. இயந்திரவியல் பொறியியலில் மூன்றாம் ஆண்டு படிக்கும் நான், அன்றுவரை ஒரு வால்வைக் கையால் தொட்டதில்லை. இதை வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

ஆயர் தாவார் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்த அப்பா, ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். சிலிண்டர் ஹெட்டிலிருந்து கழற்றிய ஒவ்வொரு வால்வையும், அட்டைப் பெட்டியில் துளை போட்டு, எந்தச் சிலிண்டர், எந்த இடம் என்று எழுதிச் செருகினார். மொத்தம் பன்னிரண்டு வால்வுகள். எந்த இருக்கையில் தேய்ந்து பழகியதோ அதே இருக்கைக்குத்தான் அது திரும்ப வேண்டும். இதையெல்லாம் யாரிடம் கற்றீர்கள் என்று கேட்டேன். ஜி.டி.நாயுடு யாரிடம் கற்றார் என்று அப்பா திருப்பிக் கேட்டார்.

தமிழ்ப்பள்ளியில் படித்த காலத்தில் அவரைப் பற்றி ஒரு பக்கக் கட்டுரை மனனம் செய்திருக்கிறேன். இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் மறந்துவிட்டேன். அன்றிரவு அவருடைய வாழ்க்கையை மீண்டும் தேடிப் படித்தேன்.

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893 மார்ச் 23ஆம் நாள் கோயம்புத்தூருக்கு அருகிலுள்ள கலங்கல் என்னும் சிற்றூரில் பிறந்தார். இளமையிலேயே தாயை இழந்தவர். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை. ஆசிரியர் மீது மண்ணை வாரி வீசிவிட்டு ஓடியவர் என்று சொல்வார்கள். தொடக்கக் கல்வியோடு படிப்பு நின்றது. ஆனால் வாசிப்பு நிற்கவில்லை. கையில் கிடைத்த புத்தகங்களையெல்லாம் தாமே படித்தார்.

அந்த வயதில்தான் ஓர் ஆங்கிலேய அதிகாரி ஓட்டி வந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டார். மாடும் குதிரையும் இல்லாமல் ஒரு வண்டி தானாக ஓடுகிறதே என்ற வியப்பு அவரை விடவில்லை. வீட்டை விட்டுக் கோவைக்கு வந்து, உணவு விடுதியில் பரிமாறும் வேலையில் சேர்ந்தார். ஆண்டுக்கணக்கில் காசு சேர்த்து அந்த வண்டியையே விலைக்கு வாங்கினார். நம்மில் எவராக இருந்தாலும் வாங்கிய அன்றே ஊரைச் சுற்றி வந்திருப்போம். அவரோ அதை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றிப் போட்டார், பிறகு பூட்டினார். அப்படியே ஒரு மெக்கானிக் ஆனார். வகுப்பும் இல்லை, சான்றிதழும் இல்லை.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஏனென்றால் கழற்றுவது எளிது. மூன்று மணி நேரத்தில் எங்கள் எஞ்சினின் தலையைக் கழற்றிவிட்டோம். பூட்டுவதற்கு ஒன்பது நாள் பிடித்தது. இரும்பு அளவுகோலை ஹெட்டின் முகத்தில் வைத்துப் பார்த்தால் நடுவில் ஒளி தெரிந்தது. சூட்டில் வளைந்திருக்கிறது. அதை மட்டும் சித்தியவானில் கடைசல் பட்டறைக்குக் கொண்டுபோய்ச் சீவி வந்தோம். வால்வுகளை நான்தான் அரைத்தேன். விளிம்பில் அரைக்கும் பசையைத் தடவி, உறிஞ்சுகுமிழ் வைத்த குச்சியை உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து மத்துக் கடைவதுபோல் முன்னும் பின்னும் உருட்ட வேண்டும். சுற்றிலும் உடையாத சாம்பல் நிற வளையம் விழுந்தால் வால்வு சரியாக உட்காருகிறது என்று பொருள். பிறகு ஹெட்டைக் கவிழ்த்து, குழிகளில் மண்ணெண்ணெய் ஊற்றிக் காத்திருந்தோம். பத்து வால்வுகள் பிடித்தன, இரண்டு கசிந்தன. அவ்விரண்டையும் மறுபடி அரைத்தேன். கை வீங்கிப் போனது.

நாயுடுவின் வாழ்க்கையிலும் கசிவுகள் உண்டு. பருத்தித் தொழிலில் நல்ல பணம் பார்த்து, பிறகு பம்பாயில் பருத்தி வணிகத்தில் அதை இழந்தார். ஸ்டேன்ஸ் என்ற ஆங்கிலேயத் தொழிலதிபரின் உதவியோடு 1920இல் ஒரு பேருந்து வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அதுவே யு.எம்.எஸ். என்ற பெரிய பேருந்து நிறுவனமாக வளர்ந்தது. 1937இல் பாலசுந்தரத்துடன் சேர்ந்து உள்நாட்டிலேயே மின்மோட்டார் செய்தார். உலர் மின்கலத்தில் ஓடும் ரசாந்த் சவரக் கருவி, பழச்சாறு பிழியும் கருவி என்று பட்டியல் நீளும். 1952இல் இரண்டாயிரம் ரூபாயில் இருவர் அமரும் மகிழுந்தை உருவாக்கினார். அரசு உரிமம் தரவில்லை, உற்பத்தி நின்றது. வரிக்கொடுமையை எதிர்த்துத் தம் கருவிகளைப் பலர் முன்னிலையில் தாமே உடைத்தவரும் இவர்தான். ஒன்பது நாள் வால்வோடு மல்லாடிய பிறகு, செய்த பொருளைச் செய்தவரே உடைப்பதென்றால் எவ்வளவு வலித்திருக்கும் என்று எனக்குக் கொஞ்சம் புரிகிறது.

ஆனால் என்னைக் குத்திய செய்தி வேறு. 1945இல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் பொறியியல் கல்லூரி உருவாக இவரே காரணமாக இருந்தார். பொறியியலுக்கு நான்காண்டு எதற்கு, இரண்டாண்டு போதும் என்பது அவர் கொள்கை. அரசு ஏற்கவில்லை. அவர் விலகிக்கொண்டு, குறுகிய காலப் பயிற்சிகளைத் தாமே நடத்தினார். அந்தக் கல்லூரிதான் பின்னாளில் அரசு தொழில்நுட்பக் கல்லூரி ஆனது.

நான்காண்டுப் படிப்பில் மூன்றாண்டை முடித்தவளுக்கு இது கசக்காதா? யோசித்துப் பார்த்தேன். அவர் சொன்னதில் பாதிதான் சரி என்பது என் கருத்து. ஹெட் போல்ட்டுகளை நடுவிலிருந்து தொடங்கி, வெளிப்பக்கமாக, மூன்று சுற்றில் இறுக்க வேண்டும் என்று அப்பாவுக்குத் தெரியும். ஏன் என்று தெரியாது. ஓரத்தை முதலில் இறுக்கினால் நடுவில் அழுத்தம் சமமாகப் பரவாமல் கேஸ்கெட் மறுபடி ஊதிவிடும் என்று நான் தாளில் வரைந்து காட்டினேன். அப்பா அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மற்ற பாதிக்கு என்னிடம் பதில் இல்லை. வீங்கிய கைதான் இருந்தது.

நாயுடு 1974 ஜனவரி 4ஆம் நாள் காலமானார். அவர் சேர்த்தவையும் செய்தவையும் கோவை அவினாசி சாலையில் காட்சிக்கு இருக்கின்றன.

பத்தாம் நாள் மாலை அப்பா சாவியைத் திருகினார். முதல் இரண்டு முறை இருமியது. மூன்றாம் முறை பிடித்துக்கொண்டது. படகுத்துறை வரை போய்த் திரும்பினோம். வெப்பமுள் நடுவிலேயே நின்றது. வால்வைப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் எப்போது படிப்பீர்கள் என்று அப்பா கேட்டார். போன ஆண்டே படித்துத் தேர்வும் எழுதியாயிற்று என்றேன். அப்பா சிரித்துக்கொண்டே, கை துடைத்த துணியை என் பக்கம் நீட்டினார்.