போர்க்கோலம் நீத்த பிரான்சிஸ்

இத்தாலிய நாட்டின் நடுவே, அம்பிரியா என்னும் மலைசார்ந்த பகுதியில், அசீசி என்றொரு சிறு நகர் உண்டு. அந்நகரில் கி. பி. 1181 அல்லது 1182-ஆம் ஆண்டிற் பிறந்த பிரான்சிஸ் என்னும் பெரியாரின் பெயரைக் கேளாத கிறிஸ்தவர் அரியர். பறவைகளுக்கு அவர் போதித்த வரலாற்றைச் சிறுவரும் அறிவர். எனினும், அவர் இளமையிற் போர்வீரராக விழைந்ததும், அவ்விழைவை நடுவழியிற் கைவிட்டதும் பலர் கருத்திற் கொள்வதில்லை. அப்பகுதியையே யாம் ஈண்டு எழுதப் புகுந்தோம்.

அவர் தந்தையார் பியேத்ரோ பெர்னார்தோனே துணி வணிகர், செல்வர். மைந்தரோ அச்செல்வத்தைச் செலவிடுதலில் வல்லவர். பாட்டும் விருந்துமாகப் பொழுது கழித்தார். ஆயினும் வணிகர் மகனுக்கு எத்துணைப் பொன் இருப்பினும் பிரபுக்கள் வரிசையில் இடமில்லை. போர்க்களத்துப் புகழே அவ்விடத்தை அளிக்கவல்லது. 1202-இல் அசீசிக்கும் அண்டை நகராகிய பெருஜியாவுக்கும் போர் மூண்டபோது பிரான்சிஸும் களம் புகுந்தார். கொல்லெஸ்திராதா என்னுமிடத்தில் அசீசிப் படை முறியுண்டது. சிறைப்பட்ட பிரான்சிஸ் ஏறத்தாழ ஓராண்டு பெருஜியாவிற் கிடந்தார். உடனிருந்த வீரருள் ஒருவரை அவர்தம் செருக்குக் கருதி ஏனையோர் ஒதுக்கினர். பிரான்சிஸ் அவரோடு நட்புப் பூண்டு, மற்றையோரோடும் இணக்குவித்தார். வீடு மீண்டபின் நெடுநாள் நோயுற்றார்.

இத்துணையும் பட்டவர் மீண்டும் போரை நினையார் என்றே எவரும் எண்ணுவர். அவரோ நினைத்தார்! அக்காலத்துத் தென் இத்தாலியில் பிரியேன் வால்ட்டர் என்னும் தலைவர், போப்பரசர் மூன்றாம் இன்னொசெந்தின் பக்கம் நின்று ஜெர்மானியரோடு பொருதுகொண்டிருந்தார். திருச்சபையின் பொருட்டான போர். புகழ் வாய்ந்த தலைவர். அசீசிப் பிரபு ஒருவரும் உடன் புறப்படுகின்றார். இதனினும் நல்வாய்ப்பு யாது? விலையுயர்ந்த ஆடையும் படைக்கலமும் சித்தமாயின. ஓரிரவு, படைக்கலங்கள் நிறைந்த மாளிகையொன்றைக் கனவிற் கண்டு, அவை தமக்கும் தம் வீரர்க்கும் உரியன எனக் கேட்டார். விழித்தபின் அடங்காத மகிழ்ச்சி. தாம் பெருந்தலைவராகப் போவதாக, வினவியவர்க்கெல்லாம் கூறினாராம்.

1205 வாக்கில் அவர் புறப்பட்டார். ஸ்பொலேத்தோ நகர் அசீசியினின்று ஒருநாட் பயணத் தொலைவே. அங்கு இரவில் அரைத்துயிலிற் கிடந்தபோது, தலைவனுக்கு ஊழியஞ் செய்வது மேலோ, வேலைக்காரனுக்குச் செய்வது மேலோ என ஒரு குரல் வினவிற்றென்றும், தலைவனுக்கே என அவர் விடைபகர, பின் வேலைக்காரனை நாடிப் போவதேன் எனக் கடாவி, ஊர் திரும்புமாறு பணித்ததென்றும் வரலாறு கூறும். அவர் மறைந்து மூன்றாண்டுகளுக்குள் செலானோ தோமா இயற்றிய முதற் சரிதையில் இக்குரல் இல்லை. மனம் மாறி அப்பூலியா செல்ல மறுத்தார் என்பதே உண்டு. குரல் செவியிற் கேட்டதோ, உள்ளத்துள் எழுந்ததோ, யாம் வழக்காடோம். அவர் வடக்கே அசீசியை நோக்கி மீண்டார்.

அச்சத்தால் மீண்டார் எனச் சிலர் நினைக்கலாம். யாம் அவ்வாறு கருதோம். களத்தையும் சிறையையும் கண்டறிந்தும் மறுமுறை புறப்பட்டவர் அவர். அன்றியும், போருக்குச் செல்லுதல் அவருக்கு எளிது, ஊரார் வாழ்த்தியனுப்புவர். அவ்வூர்த் தெருவிலேயே, வாளை ஒருமுறையும் வீசாமல், இத்துணை விரைவில் மீண்டும் நுழைதல் எளிதோ? காரணங் கேட்பார்க்கு யாது கூறுவது? இனிச் செய்வது இன்னதென்னும் தெளிவும் அவர்பால் இல்லை. போகலாகாது என்னுந் தெளிவு மட்டுமே இருந்தது. அப்பொழுது அவர் எம்மினும் நாலைந்தாண்டே மூத்தவர். இந்நிலை பகைவர் ஈட்டியினும் கொடிதென எமக்குத் தோன்றுகின்றது.

வால்ட்டர் 1205-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மாண்டார். பிரான்சிஸ் தொழுநோயாளர்க்குத் தொண்டு புரிந்ததும், 1206-இல் அத்தியட்சர் முன்னிலையில் உடுத்த ஆடையையும் களைந்து தந்தையாரிடம் கொடுத்ததும் யாவரும் அறிந்தன, விரித்தல் வேண்டா. அவர் வழிநின்ற இல்லறத்தார்க்கு 1221-இல் வகுக்கப்பட்ட விதிகளுள், எவர்மேலும் கொலைக்கருவி எடுத்தலாகாது என்பதும் ஒன்று.

போர்க்களத்தை அவர் மறுபடியும் கண்டார். 1219-இல் சிலுவைப்போர் வீரர் எகிப்தில் தமியாத்தா நகரை முற்றுகையிட்டிருந்த காலத்து, படைக்கலம் ஏதுமின்றி, தோழர் ஒருவரோடு எதிரிப் பாசறைக்குட் சென்று, சுல்தான் அல் காமிலைக் கண்டு கிறிஸ்துவைக் குறித்துப் பேசினார். சுல்தான் அவர் சொற்களைச் செவிமடுத்தபின், தீங்கொன்றுமின்றி அவரைத் திருப்பியனுப்பினார்.