துப்பாக்கியைத் தேடிய துரைமார்கள்

படை திரட்டுகிறார் என்பது குற்றச்சாட்டு. படை எங்கே என்று பார்த்தனர் — காணோம். துப்பாக்கி எங்கே என்று துருவினர் — கிடைக்கவில்லை. போர் முழக்கம் செய்தாரா என்று விசாரித்தனர் — சான்று இல்லை. ஆனாலும் தண்டனை உண்டு! 1895 செப்டம்பர் 5-ஆம் நாள், மேற்கு ஆப்பிரிக்காவில், செனகல் நாட்டுச் சான் லூயி நகரத்துக் கவர்னர் மாளிகையிலே கூடிய ஆலோசனைக் குழு, அந்த மனிதரை நாடு கடத்துவது என்று முடிவு செய்தது.

யார் அந்த மனிதர்? அரசரா? இல்லை. தளபதியா? அதுவும் இல்லை. நாற்பது வயதைத் தாண்டிய ஒரு மதபோதகர். மெலிந்த உடல், நீண்ட வெள்ளை அங்கி, கையிலே எழுதுகோல். பெயர் அகமது பம்பா. இந்த ஒற்றை மனிதரைக் கண்டுதான், பீரங்கியும் கப்பலும் வைத்திருந்த பிரெஞ்சு வல்லரசு பதறிற்று!

பிரெஞ்சு வல்லரசு என்றதும், தோழர்களே, எங்கோ இருக்கும் கதை என்று எண்ணிவிடாதீர்கள். புதுச்சேரியையும் காரைக்காலையும் ஆண்டார்களே, அதே பிரெஞ்சுக்காரர்கள்தாம். புதுவையிலே நம் நெசவாளி நெய்து நீலம் தோய்த்த துணியைக் கப்பலேற்றிக் கொண்டு போய், செனகல் ஆற்றங்கரையிலே கொடுத்து, வேலமரத்துப் பிசினை வாங்கிச் சென்றவர்கள். அந்த நீலத்துணி அங்கே பணம் போலப் புழங்கிற்று! பிறகு மணிலாக்கொட்டை வாணிபம் வந்தது. நம் தென்னார்க்காட்டுக் கொட்டையும் செனகல் கொட்டையும் மார்சேய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்குத்தான் போய்ச் சேர்ந்தன. விதைத்தவன் இங்கும் கறுப்பன், அங்கும் கறுப்பன். கொழுத்தவன் இரு பக்கமும் ஒருவனே.

பம்பா பிறந்தது 1853 வாக்கில், பவோல் என்ற சிற்றரசில், ம்பாக்கே என்னும் ஊரில். தந்தை மோமர் அந்த சலி, மார்க்கம் கற்றவர், ஆசிரியர். தாய் ஜாரா புஸ்ஸோ, மகன் சிறுவனாக இருந்தபோதே மறைந்தவர். அந்தப் பிள்ளை வளர்ந்த காலம் போர்க்காலம். பேரிகை ஒலி ஓயாத காலம். வடக்கேயும் கிழக்கேயும் புனிதப் போர் நடத்திய உமர் தால் 1864-இல் மாண்டார். தெற்கே சாலும் நாட்டிலே வாளெடுத்த மாபா ஜாகு, 1867-இல் களத்திலே வீழ்ந்தார். அகமது ஷேக்கு என்பவரும் போர் தொடுத்தார். கயோர் நாட்டு அரசர் லாட் ஜோர், பிரெஞ்சுப் படையின் துணையோடு 1875-இல் அவரை வீழ்த்தினார்.

முஸ்லிம் மேல் முஸ்லிம் படையெடுப்பு. ஒவ்வொருவர் கையிலும் அதே வேதம். ஒவ்வொருவர் வாயிலும் அதே ஜிகாத். தோற்றவனுடைய மக்களை என்ன செய்வது? அடிமைகளாகப் பங்கிட்டுக் கொள்ளலாம் என்று அரசவை அறிஞர்கள் தீர்ப்பு வழங்கினர்! போரின் பெயர் புனிதம். அதன் விளைச்சலோ அடிமைச் சந்தைக்குச் சரக்கு. தந்தை அந்த அரசவையைச் சார்ந்தவர். மகனுக்கு அப்போது இருபதைச் சற்றே தாண்டிய வயது. அந்தத் தீர்ப்பை ஏற்க மறுத்தார் மகன். வேதம் ஓதியவர்கள் வேந்தனுக்கு ஏற்றபடி ஓதுகிறார்கள் என்பதை அவர் கண்ணெதிரே கண்டார்.

1880-களின் தொடக்கத்தில் தந்தை மறைந்தார். அரசவையில் அவர் இருந்த இடம் காலியாக இருந்தது. வா, அமர்ந்து கொள் என்றார்கள் ஊர்ப் பெரியவர்கள். வாய்ப்பு வலிய வருகிறது, வயிறு நிறையும், வரிசையும் மரியாதையும் கிடைக்கும் — மறுத்துவிட்டார் பம்பா. அரண்மனை வாசலை மிதிப்பதில்லை என்று அன்று எடுத்த முடிவைக் கடைசி வரை காத்தார்.

அந்த லாட் ஜோர் என்ன ஆனார்? துணைக்கு அழைத்த பிரெஞ்சுக்காரன் இரயில் பாதை போட வந்தான். டாக்கரிலிருந்து சான் லூயி வரை 1885-இல் போட்டும் முடித்தான். தண்டவாளத்தின் மேல் வருவது சரக்கு மட்டுமல்ல, சிப்பாயும்தான் என்பதை லாட் ஜோர் அறிந்து எதிர்த்தார். மானமுள்ள மறவர், மறுக்க முடியாது. 1886 அக்டோபரில் போர்க்களத்திலே பிரெஞ்சுக் குண்டுக்கு இரையானார். அரசு அழிந்தது. அரசனை நம்பி வாழ்ந்த போர்வீரன், பண்ணை ஆள், அடிமை — எல்லோரும் திக்கற்று நின்றனர்.

இனி என்ன செய்வது? மீண்டும் வாளா? இல்லை, வெள்ளையன் காலா? இரண்டிலும் சேராத ஒரு வழியைப் பம்பா காட்டினார். அந்த வழி ஒரு சொல்லின் பொருளிலே தொடங்குகிறது.

ஜிகாத் என்ற அரபுச் சொல்லுக்கு வேர்ப்பொருள் வாள் அன்று, குருதி அன்று. முயற்சி; பாடுபடுதல். சூபிகள் என்று சொல்லப்படும் ஞானிகள் பல நூற்றாண்டுகளாக ஒன்றை வற்புறுத்தி வந்தனர்: வேதத்துக்கு வெளிப்பொருள் உண்டு, உட்பொருளும் உண்டு. வெளிப்பொருளைத் தள்ளிவிட்டு உட்பொருளை மட்டும் பிடித்துக் கொள்வது அவர்கள் வழக்கமன்று. வெளிப்பொருளின் வழியாகவே உள்ளே போகவேண்டும் என்பது அவர்கள் கட்சி. குர்ஆனின் 25-ஆம் அத்தியாயத்து 52-ஆம் வசனத்தைச் சான்றாக எடுத்துக்காட்டுவர். மறுப்போரிடம் பெரும் ஜிகாத் செய்யச் சொல்லும் வசனம் அது. எதைக் கொண்டு? அந்த வேதத்தைக் கொண்டே! அது வந்த காலம் எது? நபிகள் மக்காவில் இருந்த காலம்; போரிட அனுமதி வருவதற்கு முந்திய காலம். வாளே இல்லாத நாளில் பெரும் ஜிகாத் என்றால், அந்த ஜிகாத் வாளாக இருக்க முடியுமா? கேள்வி நியாயமானதுதானே!

இன்னொரு செய்தியும் உண்டு. களத்திலிருந்து திரும்பிய நபிகள், இது சிறிய ஜிகாத், இனிப் பெரியது இருக்கிறது என்று தம் உள்ளத்தைச் சுட்டியதாக ஒரு வழக்கு. அது உறுதியான சான்றுடையதா என்று மார்க்க அறிஞர்களிடையே வாதம் உண்டு. சட்டம் பேசுவோர் ஐயுறுவர், சூபிகள் போற்றுவர். பம்பா போற்றியவர்களில் ஒருவர். நப்ஸ் என்று அரபியில் சொல்வார்கள் — மனிதனை உள்ளிருந்து ஆட்டும் ஆசை, அகந்தை, பேராசை, பொறாமை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு பெயர். அதை அடக்குவதுதான் பெரிய போர். அதற்கு ஆயுதம் கல்வி, பசி பொறுத்தல், உழைப்பு. இந்தப் பொருளைப் பாட்டுப் பாட்டாக அரபியில் எழுதிக் குவித்தார். கஸாலி போன்ற பழைய ஞானிகளின் வழியிலே, மௌரித்தானிய அறிஞர் யதாலியின் நூலைச் செய்யுளாக்கி, சுவர்க்கப் பாதைகள் என்று பொருள்படும் நெடும்பாடல் ஒன்றும் செய்தார். அதன் முகப்பிலேயே ஒரு சூடு! எழுதியவன் கறுப்பன் என்பதற்காக இந்த நூலை ஒதுக்காதே, தோலின் நிறத்துக்கும் அறிவுக்கும் தொடர்பில்லை என்ற கருத்தை அதில் வைத்தார். வெள்ளையனுக்கு மட்டுமா இந்தச் சூடு? கறுப்பனை மார்க்கத்திலும் இளையவனாக நினைத்த அரபிக்கும் சேர்த்துத்தான்!

சரி, உள்ளத்தோடு போர் என்று ஊருக்கு உபதேசம் செய்துவிட்டு ஒதுங்கிக்கொள்வது எளிது. திண்ணை வேதாந்திகளை நாம் பார்க்காதவர்களா! பம்பா திண்ணையில் உட்காரவில்லை. 1880-களின் பிற்பகுதியில், ஆள் நடமாட்டமில்லாத புதர்க்காட்டிலே தூபா என்ற ஊரை நிறுவினார். முரீது என்றால் நாடுபவன், சீடன். முரீதுகள் என்றே அவர் கூட்டத்துக்குப் பெயர் வந்தது. ஏட்டுக் கல்வியோடு மண்வெட்டியும் கொடுத்தார். இப்ரா ஃபால் என்றொருவர் வந்தார். போர்வீரர் குலத்து மேட்டுக்குடியார். வந்தவர் விறகு வெட்டினார், தண்ணீர் சுமந்தார், நிலம் திருத்தினார். உழைப்பே எனக்கு வழிபாடு என்று வாழ்ந்தார். அவரைப் பின்பற்றிய பிரிவினர் தொழுகையையும் நோன்பையும்கூட விட்டு உழைப்பையே பிடித்துக் கொண்டனர். மார்க்க அறிஞர்கள் முகம் சுளித்தனர். பம்பா அவரை விலக்கவில்லை.

இன்னொன்று. கொல்லன், தோல் தைப்பவன், பாணன் என்று பிறப்பால் பிரித்து, பெண் கொடுக்கவும் எடுக்கவும் மறுத்த சமூகம் அது. ஆம், அங்கும் உண்டு அந்தப் பீடை! அந்த மக்களும், அடிமைத்தளை அறுத்து வந்தவர்களும் கூட்டம் கூட்டமாக முரீதுகள் ஆயினர். தலைவர்களின் பேச்சைக் கேட்க ஆளில்லை, வரி வாங்கப் போனால் ஊரில் ஆளில்லை, எல்லோரும் பம்பாவிடம்! துரைத்தனத்தார் நடுங்கியதற்குக் காரணம் இதுதான். ஆயிரம் பேரைக் கூட்டியவன் ஆயுதம் எடுக்காமலா இருப்பான் என்று அவர்கள் தங்களை வைத்தே அவரையும் அளந்தனர்.

1895 ஆகஸ்டில் சிறை. செப்டம்பரில் நாடு கடத்தல். காபோன் — நிலநடுக்கோட்டில் கிடக்கும் அடர்காடு, அடைமழை, காய்ச்சல். மாயும்பா, லம்பரேனே என்று இடம் மாற்றி மாற்றி வைத்தனர். ஏழு ஆண்டுகள்! சென்ற கப்பலிலே தொழத் தடை விதித்தார்களாம். கடல் மீது பாய் விரித்துத் தொழுதாராம். செனகல் நாட்டிலே கண்ணாடியில் தீட்டும் ஓவியங்களில் இந்தக் காட்சியைக் காணலாம். பாய் மிதந்ததா என்ற வழக்கை நம்புவோரிடம் விட்டுவிடுவோம். ஏழாண்டுத் தனிமையிலே அவர் மூழ்கவில்லை என்பதற்கு ஏடுகள் இருக்கின்றன. அந்தக் காட்டிலிருந்தபடியே பாடல்களை எழுதினார். அதே காபோனுக்கு இன்னொரு கைதியும் கொண்டுவரப்பட்டார் — சமோரி தூரே. பிரெஞ்சுப் படையை ஆண்டுக்கணக்கில் அலைக்கழித்த மாவீரர், 1898-இல் பிடிபட்டவர். 1900-இல் அங்கேயே மடிந்தார். துப்பாக்கி ஏந்தியவருக்கும் ஏந்தாதவருக்கும் ஒரே காட்டைத்தான் ஒதுக்கியது அந்த வல்லரசு!

1902 நவம்பரில் பம்பா திரும்பினார். டாக்கரில் மக்கள் வெள்ளம். பகைவர் அனைவரையும் மன்னித்துவிட்டதாக எழுதினார். ஆனால் மன்னிக்கப்பட்டவர்கள் மனம் மாறினார்களா? சில திங்கள்தான். 1903-இல் மீண்டும் படை புறப்பட்டது. அந்த நேரத்தில் அவர் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும், புதர்க்காடு போர்க்களம் ஆகியிருக்கும். சொல்லவில்லை. தாமே சென்று பிடிகொடுத்தார். இம்முறை மௌரித்தானியப் பாலைவனம், 1907 வரை. பிறகு ஜோலோஃப் பகுதியிலே ஓர் ஊரில் காவல், 1912 வரை. பிறகு ஜுர்பெல் நகரில், அதிகாரியின் கண்பார்வையில், சாகும் வரை. தாம் உண்டாக்கிய தூபாவிலே குடியிருக்க அவருக்கு அனுமதி கிடைக்கவேயில்லை.

குறையே இல்லாத வாழ்வா? அப்படிச் சொன்னால் பொய். முதல் உலகப் போரில் பிரெஞ்சுக்காரன் ஆள் கேட்டான். முரீது இளைஞர்களை அனுப்பி வைத்தார் பம்பா. தம் மண்ணைக் காக்கவே துப்பாக்கி வேண்டாம் என்றவர், அயலானின் போருக்குப் பிள்ளைகளை அனுப்பியது எப்படிப் பொருந்தும்? பொருந்தாது. எனக்குத் தெரிந்தவரை எந்த உட்பொருளும் அதற்குப் பொருந்தாது. பிரெஞ்சு அரசு விருதும் தந்து மகிழ்ந்தது. மணிலாக்கொட்டையும் அப்படித்தான். புதன்கிழமை தோறும் சீடர்கள் ஷேக்கின் வயலில் கூலியின்றி உழைப்பது வழக்கமாயிற்று. அந்த வியர்வையில் சில ஷேக்குகள் செல்வர் ஆயினர், மார்சேய் முதலாளி பெருஞ்செல்வர் ஆனான். உழைப்பாளி இதையும் கேட்கத்தான் வேண்டும்.

ஆனால் ஒன்றைக் கணக்கில் சேர்க்காமல் இருக்க முடியாது. வாளெடுத்தவர்களின் அரசுகள் எல்லாம் 1900-க்குள் தூளாகிவிட்டன. பம்பாவின் கூட்டமோ ஒவ்வொரு நாடுகடத்தலுக்குப் பிறகும் பெருகிற்று. சுடுவதற்கு எதிரே ஒரு துப்பாக்கி வேண்டுமே; அது இல்லாத எதிரியை என்ன செய்வது என்று பிரெஞ்சுக்காரனுக்குத் தெரியவில்லை. அடித்துப் பார்த்தான், அகற்றிப் பார்த்தான், கடைசியில் அவரிடமே ஆலோசனை கேட்டான்!

அவருடைய நிழற்படம் என்று நிலைத்திருப்பது ஒன்றே ஒன்று, 1913-இல் எடுத்தது. வெயிலில் கண்ணைச் சுருக்கி நிற்கிறார். துண்டு முகத்தின் கீழ்ப்பாதியை மறைக்கிறது. வெள்ளை அங்கிக்குள் கை தெரியவில்லை. கண்காணிக்கப்பட்ட கைதியின் அந்தப் படம் இன்று செனகல் நாட்டுச் சுவர்களிலும், பேருந்துகளிலும், கடைகளிலும்!

1927 ஜூலை 19-இல் ஜுர்பெலில் உயிர் பிரிந்தது. உயிரோடு இருக்க இடம் தராத தூபாவிலே உடலுக்கு இடம் கிடைத்தது. அங்கே பள்ளிவாசல் கட்ட அவர் விரும்பினார். வேலை தொடங்கியது 1932-இல். முரீதுகளின் பணம், முரீதுகளின் கை. 1960-இல் செனகல் விடுதலை பெற்றது; 1963-இல் பள்ளிவாசல் திறக்கப்பட்டது. ஆண்டுதோறும் அங்கே இலட்சக்கணக்கானோர் கூடும் பெருவிழா அவர் பிறந்த நாளுக்கு இல்லை, இறந்த நாளுக்கும் இல்லை. இஸ்லாமிய ஆண்டின் சஃபர் மாதம் 18-ஆம் நாள். 1895-இல் அவரைக் காபோனுக்கு அனுப்பிய கொடுமை தொடங்கிய நாள். அதற்காக நன்றி செலுத்தச் சொன்னவர் அவரே.