கா. ந. அண்ணாதுரை

காஞ்சிபுரம் நடராசன் அண்ணாதுரை (செப்டம்பர் 15, 1909 – பெப்ரவரி 3, 1969) தமிழ்நாட்டின் முன்னாள் முதலமைச்சரும், திராவிட முன்னேற்றக் கழகத்தின் நிறுவனரும் ஆவார். சிறந்த பேச்சாளராகவும் எழுத்தாளராகவும் விளங்கிய இவர், அறிஞர் அண்ணா எனப் பரவலாக அறியப்படுகிறார்.

இளமைக் காலம்

பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற காஞ்சிபுரத்தில், நெசவுத் தொழில் சார்ந்த எளிய குடும்பத்தில் பிறந்தார். அவ்வூர்ப் பச்சையப்பன் பள்ளியிலும், பின்னர் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிலும் பயின்றார். இடையில் சிறிது காலம் காஞ்சிபுரம் நகராட்சியில் எழுத்தராகப் பணிபுரிந்தார். 1942 இல் காஞ்சிபுரத்திலிருந்து திராவிட நாடு இதழைத் தொடங்கினார்.

அரசியல்

ஈ. வெ. இராமசாமியின் இயக்கத்திலிருந்து பிரிந்து 1949 இல் தி.மு.க.வைத் தொடங்கினார். 1957 இல் காஞ்சிபுரம் தொகுதியிலிருந்து சட்டமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1962 இல் அதே தொகுதியில் தோல்வியுற்றார். மார்ச்சு 6, 1967 அன்று முதலமைச்சராகப் பொறுப்பேற்றார். சுயமரியாதைத் திருமணச் சட்டமும் இருமொழிக் கொள்கையும் இவருடைய ஆட்சியில் நிறைவேறின. சனவரி 14, 1969 முதல் மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு என மாறியது.

நோயும் மறைவும்

புகையிலைப் பழக்கம் உடைய அண்ணாவுக்கு 1968 இல் உணவுக்குழாய்ப் புற்றுநோய் இருப்பது கண்டறியப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பரில் நியூயார்க் நகரில் அறுவை சிகிச்சை செய்யப்பட்டது. நாடு திரும்பிப் பணியைத் தொடர்ந்தாலும் நோய் மீண்டும் முற்றியது. முத்துலட்சுமி ரெட்டி நிறுவிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில், முதலமைச்சராகி இரண்டு ஆண்டுகள் நிறைவதற்குள், தமது 59 ஆம் வயதில் காலமானார்.

நினைவு மருத்துவமனை

காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில் உள்ள அரசுப் புற்றுநோய் மருத்துவமனை அண்ணாவின் பெயரைத் தாங்கியுள்ளது.

அண்ணாவின் காலத்தில், அறிகுறி தோன்றுமுன் மக்களைத் தேடிச் சென்று பரிசோதிக்கும் திட்டம் இந்தியாவில் இல்லை. இன்றைய தேசியத் தொற்றா நோய்த் திட்டத்தில், சுகாதாரப் பணியாளர்கள் வயது, புகையிலை, மது, உடலுழைப்பு போன்றவற்றைக் கேட்டு மதிப்பெண் இடுகின்றனர். அவ்விவரங்கள் கணினி மென்பொருளில் பதியப்படுகின்றன. மதிப்பெண் 4 ஐத் தாண்டுவோர் பரிசோதனைக்கு முன்னுரிமை பெறுகின்றனர். இரண்டு வாரங்களுக்கு மேல் ஆறாத வாய்ப்புண், வாயைத் திறப்பதில் சிரமம் போன்ற அறிகுறிகளும் கேட்கப்படுகின்றன. மதிப்பெண் நோயை உறுதி செய்வதில்லை; யாரை முதலில் பரிசோதிப்பது என்பதை மட்டுமே காட்டுகிறது. நோய் உண்டா என்பதை மருத்துவரே முடிவு செய்கிறார்.

இத்திட்டம் வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்று புற்றுநோய்களை மட்டுமே தேடுகிறது. அண்ணாவைத் தாக்கிய உணவுக்குழாய்ப் புற்றுநோய் இப்பட்டியலில் இல்லை. புகையிலை பயன்படுத்துவோரின் மதிப்பெண் கூடினாலும், வாயைப் பார்த்து உணவுக்குழாயின் நிலையை அறிய இயலாது. எனவே விழுங்குவதில் தொடர்ந்து சிரமம் உள்ளவர்கள், பரிசோதனை முகாமுக்குக் காத்திராமல் மருத்துவரை அணுகி உள்நோக்கிப் பரிசோதனை குறித்துக் கேட்டறிவது இன்றியமையாதது.