தாடி வைத்த அரசி ஹட்செப்சுட்

எகிப்து என்றதும் நம் பிள்ளைகளுக்குச் சட்டென்று நினைவுக்கு வருபவை இரண்டு பெயர்கள்: துட்டன்காமன், கிளியோபாட்ரா. முன்னவர் இருபது வயது நிறையும் முன்பே இறந்துபோனவர். கல்லறை ஏறக்குறைய முழுதாகக் கிடைத்ததால் புகழ்பெற்றார். பின்னவர் நாட்டை ரோமாபுரியிடம் இழந்தவர். கிளியோபாட்ராவுக்கு 1400 ஆண்டுகளுக்கு முன்பே இருபது ஆண்டுகளுக்கு மேல் எகிப்தை ஆண்டு, கருவூலத்தையும் கோயில்களையும் நிறைத்துவிட்டுப் போன ஒரு பெண் இருந்தார். அவர் பெயர் ஹட்செப்சுட். பாடப் புத்தகங்களில் அவருக்கு இடம் கிடைக்காததற்குக் காரணம் உண்டு. அவர் இருந்த சுவடே தெரியக்கூடாது என்று கல்லிலிருந்து அவர் பெயரைச் செதுக்கி எடுத்துவிட்டார்கள்.

அவர் முதலாம் துட்மோஸ் மன்னரின் மகள், பட்டத்து அரசி அஹ்மோஸ் பெற்றவர். அரச குல வழக்கப்படி, இன்னொரு மனைவிக்குப் பிறந்த தம் சகோதரர் இரண்டாம் துட்மோஸுக்கே மனைவியானார். இருவருக்கும் நெஃபெரூரே என்று ஒரு மகள். ஆண் வாரிசு, ஐசெட் என்ற வேறொரு மனைவியிடம் பிறந்த சிறுவன். கணவர் இறந்தபோது, கி.மு. 1479 வாக்கில், அந்தக் குழந்தை மூன்றாம் துட்மோஸ் என்ற பெயரில் அரசனானான். அவன் வளரும் வரை ஆட்சியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு ஹட்செப்சுட்டுக்கு வந்தது.

இதுவரை புதிதாக ஒன்றும் இல்லை. சிறுவனுக்காகத் தாயோ சிற்றன்னையோ ஆட்சியைக் கவனிப்பது எகிப்தில் முன்பும் நடந்ததுதான். ஆனால் ஆட்சியின் ஏழாம் ஆண்டுக்குள் ஹட்செப்சுட் தாமே முடிசூடிக்கொண்டார். மாஅத்கரே என்ற அரியணைப் பெயரும் சூட்டிக்கொண்டார். அரசனுக்கு மனைவியாகவோ தாயாகவோ நிற்காமல், தாமே அரசனாக நின்றார்.

அதற்கு எகிப்திய மொழியிலேயே வழி சரியாக இல்லை. அரசி என்பதற்கு அவர்கள் வைத்திருந்த சொல்லின் பொருள் அரசனின் மனைவி. ஆளும் பெண்ணுக்கென்று தனிச்சொல் கிடையாது. சுமார் 300 ஆண்டுகளுக்கு முன் சோபெக்நெஃபெரு என்ற பெண் சில ஆண்டுகள் ஆண்டிருந்தாலும் அது பழகிய பாதையாக மாறவில்லை. ஆகவே சிற்பங்களில் ஹட்செப்சுட் ஆண் மன்னர்களின் உடையிலேயே காட்சி தருகிறார்: குட்டைப் பாவாடை, தலைத்துணி, மோவாயில் கட்டிய பொய்த் தாடி. அந்தத் தாடி ஆண் மன்னர்களுக்கும் பொய்த் தாடிதான்; நம் ஊரில் கிரீடம் போல அதுவும் ஓர் அரச சின்னம். அவர் ஆணாக நடித்து ஊரை ஏமாற்றினார் என்பது சரியல்ல. தாடி வைத்த அதே சிலைகளுக்கு அருகிலுள்ள எழுத்துகளில் பல இடங்களில் அவரைப் பெண்பாலிலேயே குறித்திருக்கிறார்கள். எல்லோருக்கும் தெரிந்தேதான் இது நடந்தது.

அவர் செய்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது புண்ட் பயணம். ஆட்சியின் ஒன்பதாம் ஆண்டில் செங்கடல் வழியாகத் தெற்கே புண்ட் நாட்டுக்குக் கப்பல்களை அனுப்பினார். அந்நாடு எங்கே என்று இன்றும் வாதம் நடக்கிறது. ஆப்பிரிக்காவின் கொம்புப் பகுதியாக இருக்கும் என்பது பலர் கருத்து. போர் செய்து கொண்டுவந்ததல்ல, வணிகம். பொன், கருங்காலி, தந்தம், குரங்குகள், எல்லாவற்றுக்கும் மேலாக நறுமணப் பிசின். நம் நாட்டு மருந்துக் கடையில் வெள்ளைப்போளம் என்று கேட்டால் தருவார்களே, அந்த வகை. பிசினை மட்டும் வாங்கிவந்தால் தீர்ந்துவிடும் என்று மரங்களையே வேரோடு கூடைகளில் வைத்துக் கப்பலேற்றினார்கள். பால்கனியில் ஒரு ரோஜாவை வேறு தொட்டிக்கு மாற்றவே நாம் படும் பாடு தெரியும். அவர்கள் கடல் தாண்டி, பாலைவனம் தாண்டி மரங்களைக் கொண்டுபோனார்கள்.

இந்தக் காட்சிகள் அனைத்தும் டெயிர் எல்-பஹாரியில் அவர் கட்டிய கோயிலின் சுவரில் இருக்கின்றன. செங்குத்தான பாறைச் சரிவின் அடியில், அடுக்கடுக்கான மேல்தளங்களும் தூண் வரிசைகளும் நடுவே ஏறும் சரிவுப் பாதையுமாக அமைந்த கோயில் அது. இன்றைய கட்டடக்கலை மாணவர்களும் அதைப் படிக்கிறார்கள். பணிகளை மேற்பார்த்தவர்களில் முக்கியமானவர் செனன்மூட் என்ற அதிகாரி. எளிய குடும்பத்தில் பிறந்து மேலே வந்தவர், நெஃபெரூரேயின் ஆசிரியரும் கூட. இவருக்கும் அரசிக்கும் உறவு இருந்தது என்று பின்னாளில் பலர் எழுதினார்கள். உறுதியான ஆதாரம் கிடையாது. ஒரு பெண் பெரிய காரியம் செய்தால் பின்னால் ஓர் ஆணைத் தேடும் பழக்கம் பண்டிதர்களையும் விடவில்லை.

கர்னாக் கோயிலில் அவர் நிறுத்திய கல்தூண் ஒன்று இன்றும் நிற்கிறது. ஒரே கருங்கல், உயரம் ஏறத்தாழ 29 மீட்டர், அதாவது ஒன்பது பத்து மாடிக் கட்டடம் அளவு. எடை 300 டன்னுக்கு மேல். அசுவானில் வெட்டி, நைல் நதியில் படகில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். வெட்டும் வேலை ஏழு மாதத்தில் முடிந்தது என்று தூணின் அடியில் எழுதிவைத்திருக்கிறார். வரும் காலத்தில் இதைப் பார்ப்பவர்கள் என்ன பேசுவார்களோ என்ற தவிப்பும் அதே கல்வெட்டில் தெரிகிறது.

கி.மு. 1458 வாக்கில் அவர் இறந்தார். மூன்றாம் துட்மோஸ் தனித்து ஆண்டு, எகிப்தின் மிகப் பெரிய போர்வீர மன்னர் என்று பெயரெடுத்தார். ஹட்செப்சுட்டின் உருவங்களைச் சுரண்டி எடுத்ததும், அந்த இடத்தில் தந்தை, பாட்டனார் பெயர்களைப் பொறித்ததும் இவர் காலத்தில்தான். கர்னாக் கல்தூணைச் சுற்றிச் சுவர் எழுப்பினார்கள். நோக்கம் எதுவோ, மறைந்த பகுதியிலிருந்த எழுத்துகளை அந்தச் சுவரே காப்பாற்றிவிட்டது. ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் அபிடோஸில் பொறித்த மன்னர் பட்டியலில் அவர் பெயர் இல்லை.

பழைய வரலாற்றாசிரியர்கள் இதை ஒரு குடும்பச் சண்டையாக எழுதினார்கள். அரியணையைப் பறித்த சிற்றன்னை, வளர்ந்ததும் பழிவாங்கிய மகன். கதை கேட்க நன்றாக இருக்கிறது, கணக்குத்தான் உதைக்கிறது. பெயர் அழிப்பு தொடங்கியது அவர் இறந்து சுமார் இருபது ஆண்டுகளுக்குப் பிறகு. கோபம் அவ்வளவு காலம் காத்திருக்குமா? மேலும், அவர் உயிரோடு இருந்தபோதே இளைஞர் துட்மோஸிடம் படைப் பொறுப்பு இருந்தது. பகை இருந்தால் அப்போதே தீர்த்திருக்கலாம். தம் மகன் இரண்டாம் அமென்ஹோடெப் தடையின்றி அரியணை ஏற வேண்டும், தந்தையிலிருந்து மகனுக்கு என்ற வரிசையில் இடையே ஒரு பெண் இருக்கக்கூடாது என்ற எண்ணம்தான் காரணம் என்று இன்று பலர் கருதுகிறார்கள். எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. 2025-இல் வெளியான ஓர் ஆய்வு, அவருடைய சிலைகளில் பல கழுத்து, இடுப்பு, முழங்கால் என்று குறிப்பிட்ட இடங்களில் உடைக்கப்பட்டவை, இது பழைய அரசச் சிலைகளின் சக்தியை நீக்கும் சடங்கு முறை என்கிறது. வெறியில் உடைத்தவர்கள் முதலில் முகத்தைத்தானே சிதைத்திருப்பார்கள்.

1829-இல் டெயிர் எல்-பஹாரிக்கு வந்த ஷாம்போலியன், எகிப்திய எழுத்தைப் படிக்க வழி கண்டவர், திகைத்துப் போனார். உருவம் தாடி வைத்த அரசன், எழுத்தோ பெண்பால். 1920-களில் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் குழு அந்தக் கோயிலருகே பள்ளங்களைத் தோண்டி, கொட்டிக் கிடந்த சிலைத் துண்டுகளை எடுத்துப் பொருத்தத் தொடங்கியது. அப்படி ஒட்டுப்போட்ட முகங்கள் இன்று அங்கும் கெய்ரோவிலும் வீற்றிருக்கின்றன.

அவர் உடல் எங்கே என்பது இன்னும் நீண்ட கதை. 1903-இல் ஹோவர்ட் கார்ட்டர் ஒரு சிறு கல்லறையில் இரண்டு பெண்களின் மம்மிகளைக் கண்டார். அதில் ஒன்று தரையில் கிடந்தபடியே பல்லாண்டுகள் கவனிப்பாரற்று இருந்தது. 2007-இல் ஹட்செப்சுட்டின் பெயர் பொறித்த மரப்பெட்டியில் இருந்த ஒரு கடைவாய்ப் பல், அந்த மம்மியின் வாயிலுள்ள இடைவெளிக்குப் பொருந்துவதாக எகிப்தியக் குழு அறிவித்தது. எல்லா ஆய்வாளர்களும் இதை ஏற்கவில்லை.

2021 ஏப்ரல் 3 அன்று கெய்ரோவில் 22 அரச மம்மிகளைப் புதிய அருங்காட்சியகத்துக்கு ஊர்வலமாக எடுத்துச் சென்றார்கள். அந்த மம்மியும் அலங்கார வண்டியில் சென்றது. அதிகாரபூர்வக் கணக்கு: அரசர்கள் 18, அரசிகள் 4. ஹட்செப்சுட்டை அந்த நான்கில் சேர்த்திருந்தார்கள்.