ஆட்கொல்லிக் கரடியும் ஆண்டர்சன் துப்பாக்கியும்

திண்டுக்கல்லை அடுத்த அகரம் சமவெளியில் நின்று தென்மேற்கே பார்த்தால், வானம் தெளிந்த நாளில் பழனி மலைத்தொடர் நீலச் சுவர் போலத் தெரியும். அந்த மலைக் காடுகளில் கரடி உண்டு. காட்டோரக் குடியானவர்கள் பலர் புலியைவிடக் கரடிக்குத்தான் அதிகம் அஞ்சுவார்கள்.

அதற்குக் காரணம் இருக்கிறது. மனிதனைக் கண்டால் புலி பெரும்பாலும் ஒதுங்கிப் போய்விடும். கரடி அப்படி அல்ல. அதற்குக் கண் பார்வை மங்கல். காதும் அவ்வளவு கூர்மை இல்லை. கரையான் புற்றைத் தோண்டி உறிஞ்சிக் கொண்டிருக்கும்போது உலகமே அதற்கு மறந்துவிடும். மனிதன் மிக அருகில் வந்த பிறகுதான் திடுக்கிட்டு நிமிரும். திடுக்கிட்ட கரடி பல சமயம் ஓடாது, பாயும்! பின்கால்களில் எழுந்து நின்று, நாலு அங்குல நகத்தால் முகத்தைக் கிழித்துவிடும்.

இப்படிப்பட்ட காட்டுக்குள் தனியே போகிறவன் கையில் என்ன ஆயுதம் இருக்க வேண்டும்?

தம் உயிரையே பணயம் வைத்து இந்தக் கேள்விக்கு விடை கண்ட ஒருவர் தென்னாட்டில் வாழ்ந்தார். அவர் பெயர் கென்னத் ஆண்டர்சன்.

ஆறு தலைமுறை

ஆண்டர்சன் 1910-ம் ஆண்டு மார்ச் 8-ந் தேதி, ஐதராபாத்தை அடுத்த பொலாரத்தில் பிறந்தார். அவருடைய முன்னோர் ஸ்காட்லாந்துக்காரர்கள். ஆனால் ஆறு தலைமுறையாக இந்தியாவிலேயே குடியிருந்தவர்கள். தந்தை ராணுவக் கணக்கு இலாகாவில் உத்தியோகம் பார்த்தார். காட்டின் மேலும் வேட்டையின் மேலும் மகனுக்கு ஆசையை ஊட்டியவர் அவரே.

பெங்களூரில் பிஷப் காட்டன் பள்ளியிலும் புனித ஜோசப் கல்லூரியிலும் ஆண்டர்சன் படித்தார். பிறகு சட்டம் படிக்க ஸ்காட்லாந்தில் உள்ள எடின்பரோ நகருக்கு அனுப்பி வைத்தார்கள். அவருக்கு அங்கே மனம் ஒட்டவில்லை. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஊர் திரும்பினார்.

தபால் தந்தி இலாகாவில் 15 ஆண்டுகள் வேலை பார்த்தார். பிறகு பெங்களூர் விமானத் தொழிற்சாலையில் சேர்ந்து மானேஜர் ஆனார். பிழைப்பு நகரத்தில், மனம் மட்டும் காட்டில்! ஓய்வு கிடைத்தால் போதும், காரை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிடுவார்.

அவர் சுற்றிய காடுகளில் பெரும்பகுதி தமிழ்நாட்டுக் காடு. தேன்கனிக்கோட்டை, ஜவளகிரி, அஞ்செட்டி, பென்னாகரம், ஒகேனக்கல் ஆகிய இடங்கள் அன்று சேலம் ஜில்லாவைச் சேர்ந்தவை. இன்று கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் இருக்கின்றன. ஆண்டர்சனுக்குக் கன்னடமும் தமிழும் தெரியும். மலைவாசிகளோடு தரையில் உட்கார்ந்து பேசுவார். சின்னாற்றுப் பக்கம் வாழ்ந்த பைரா என்ற பூசாரி இனத்து மனிதர் அவருடைய ஆயுள் நண்பர். மண்ணில் பதிந்த காலடியைப் பார்த்து மிருகத்தின் போக்கை அறியும் வித்தையில் பைரா வல்லவர்.

எந்தத் துப்பாக்கி?

அந்தக் காலத்தில் வெள்ளைக்கார அதிகாரிகள் பலர் இடுப்பில் ரிவால்வர் வைத்திருந்தார்கள். சிறியது, எடை குறைவு, ஒரு கையால் சுடலாம். மிருகம் மேலே விழுந்து, பெரிய துப்பாக்கி கை நழுவிப் போனால் அது உதவும். ஆனால் ராணுவத்தார் வைத்திருந்த வெப்ளி ரிவால்வரின் குண்டு விநாடிக்கு 650 அடி வேகத்தில்தான் போகும். அது மனிதனைச் சுடச் செய்த ஆயுதம். அடர்ந்த மயிரும் தடித்த எலும்பும் உள்ள கரடியை ஓரிடத்தில் நிறுத்த அதை நம்ப முடியாது.

கிராமத்துக் கள்ள வேட்டைக்காரர்களிடம் நாட்டுத் துப்பாக்கி இருந்தது. குழாயின் வாய் வழியே கருமருந்தைக் கொட்டிக் கெட்டித்து, மேலே ஈயத் துண்டுகளைப் போட்டுச் சுடுவார்கள். ஒரு முறை சுட்டால் மறு முறை கெட்டிக்க நெடுநேரம் ஆகும். கரடி அதுவரை காத்திருக்குமா?

ஆண்டர்சன் தேர்ந்தெடுத்தது 405 வின்செஸ்டர் ரைபிள். 1895-ம் ஆண்டு மாதிரி அமெரிக்கத் துப்பாக்கி. அதற்கான 405 தோட்டா 1904-ல் வந்தது. அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட், 1909-ல் ஆப்பிரிக்கா சென்றபோது சிங்க வேட்டைக்கு இதையே எடுத்துப் போனார்.

இதன் குண்டு சுமார் 19 கிராம் எடை. விநாடிக்கு 2,200 அடி வேகம். அடிக்கும் விசை வெப்ளி ரிவால்வரைப் போலப் பத்து மடங்குக்கு மேல்! பிற்காலத்தில், 1955-ல், 44 மேக்னம் என்ற பலமான ரிவால்வர் அமெரிக்காவில் வந்தது. அதன் விசைகூட இந்த ரைபிளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான்.

பலம் மட்டும் போதாது, வேகமும் வேண்டும். இந்த ரைபிளின் விசைக்குக் கீழே ஓர் இரும்பு வளையம் உண்டு. விரல்களை அதில் நுழைத்துக் கீழே தள்ளி மேலே இழுத்தால், வெடித்த தோட்டாக் கூடு வெளியே விழும். புதுத் தோட்டா குழாயில் ஏறும். கண் மூடித் திறப்பதற்குள் அடுத்த வெடிக்குத் தயார்.

தோட்டாவிலும் வகை உண்டு. முனையில் ஈயம் வெளியே தெரியும் குண்டு, உடலுக்குள் போனதும் காளான் போல விரியும். புலிக்கும் கரடிக்கும் ஏற்றது அதுவே. முழுவதும் உலோக உறை போர்த்த குண்டு விரியாமல் ஆழமாகத் துளைக்கும். யானையின் மண்டை ஓட்டுக்கு அதுதான் வேண்டும். மாற்றிப் போட்டால் ஆபத்து.

இரவில் காவல் இருக்கும்போது துப்பாக்கியோடு டார்ச் விளக்கையும் பொருத்திக் கொள்வார். விளக்கும் குறியும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கும்.

பாதி வேட்டை

இவ்வளவு கவனம் எதற்கு? தம் உயிரைக் காத்துக்கொள்ள மட்டும் அல்ல.

ஆட்கொல்லிகளைத் தேடிப் போன இடமெல்லாம் ஆண்டர்சன் ஓர் உண்மையைக் கண்டார். நல்ல உடல்நலம் உள்ள புலியோ சிறுத்தையோ மனிதனைத் தேடி வருவது அபூர்வம். யாரோ ஒருவன் தகாத துப்பாக்கியால் சுடுகிறான். குண்டு காலிலோ தாடையிலோ படுகிறது. சுட்டவன் வீட்டுக்குப் போய்விடுகிறான். நொண்டியான மிருகத்தால் மானை விரட்ட முடியாது. அது ஊருக்குள் வருகிறது. ஒருவன் பாதியில் விட்ட வேட்டைக்கு ஆடு மேய்க்கும் சிறுவனும் விறகு பொறுக்கும் பெண்ணும் உயிரால் விலை கொடுக்கிறார்கள்.

ஆகவே, முதல் குண்டிலேயே முடிக்க வல்ல துப்பாக்கி வேண்டும். அப்படி முடிக்க முடியாது என்றால் சுடாமல் இருக்க வேண்டும். இதுவே அவர் கடைப்பிடித்த நெறி.

கும்மளாபுரம் வட்டாரத்தில் ஒரு சிறுத்தை 42 பேரைக் கொன்றது. பொழுது சாயும் முன்பே ஜனங்கள் கதவை அடைத்துக்கொண்டார்கள். அங்கே போன ஆண்டர்சனுக்குத் துணையாக வாய்த்தது ஒரு தெரு நாய். அந்த நாயின் உதவியாலேயே வேட்டை முடிந்தது. நன்றி மறவாத ஆண்டர்சன் அதைப் பெங்களூருக்கு அழைத்துப் போனார். நிப்பர் என்று பெயரிட்டு வளர்த்தார்.

மகனை இழந்த முதியவர்

அவரை மிகவும் வருத்திய வேட்டை கரடி வேட்டைதான்.

மைசூர் ராஜ்யத்தில் அர்சிகெரேக்கு அருகே நாகவரா மலைகள் உள்ளன. அங்கே ஒரு கரடி, காரணம் இல்லாமலே மனிதர்களைத் தாக்கியது. குறைந்தது 12 பேர் இறந்தார்கள். இருபதுக்கு மேற்பட்டோர் காயம் அடைந்தார்கள். பிழைத்தவர்களில் சிலருக்குக் கண் இல்லை. சிலருக்கு மூக்கு இல்லை.

குட்டியைப் பறிகொடுத்த கரடி என்று ஊரார் சிலர் பேசிக்கொண்டார்கள். என்றோ ஒரு நாள் யாரோ அதைக் காயப்படுத்தியிருக்க வேண்டும் என்று ஆண்டர்சன் கருதினார்.

மலையடியில் ஒரு தர்கா இருந்தது. அதைக் காத்து வந்த முதியவர் ஆண்டர்சனின் பழைய நண்பர். வீட்டுப் பக்கத்தில் அத்திமரம். இரவில் பழம் தின்னக் கரடி வந்தது. வெளியே போன வாலிப மகன் இருட்டில் அதன் முன்னே அகப்பட்டுக்கொண்டான். முகமும் கழுத்தும் கிழிந்து உயிர் விட்டான்.

செய்தி கேட்டு ஆண்டர்சன் ஓடி வந்தார். மலைப் பாறைகளையும் குகைகளையும் தேடினார். கரடி அகப்படவில்லை. நண்பரின் கண்ணீரைத் துடைக்க முடியாமல் வெறுங்கையோடு திரும்பினார்.

சுமார் ஒரு மாதம் கழித்து, சிக்கமகளூர் காட்டிலாகாவிடமிருந்து தகவல் வந்தது. விறகுவெட்டிகளைக் கரடி தாக்கிவிட்டது! மறுபடியும் புறப்பட்டார். அந்த முறையும் எளிதில் முடியவில்லை. மூன்றாவது முயற்சியில்தான் கரடி அவர் எதிரே வந்தது. 405 ரைபிள் முழங்கியது. ஜனங்கள் மறுபடியும் மாலையில் வெளியே நடமாடினார்கள்.

ஆனால், போன மகன் போனவன்தான். எந்தத் துப்பாக்கியாலும் அவனைத் திருப்பித் தர முடியவில்லை.

கேமரா

1939 முதல் 1966 வரை ஆண்டர்சன் 8 ஆட்கொல்லிச் சிறுத்தைகளையும் 7 ஆட்கொல்லிப் புலிகளையும் சுட்டதாக அரசாங்கக் கணக்கு சொல்கிறது. 1954-ல் அவருடைய முதல் புத்தகம் வெளிவந்தது. அடுத்தடுத்து எழுதிய வேட்டை நூல்கள் அவர் பெயரை உலகெங்கும் பரப்பின.

வயது ஏற ஏற அவர் மனம் மாறியது. காடுகள் சுருங்குவதையும் மிருகங்கள் குறைவதையும் கண்ணால் கண்டார். ரைபிள் பிடித்த கை கேமராவைப் பிடித்தது. பல சமயம் ஆயுதமே இல்லாமல் காட்டுக்குள் போய்த் தனியே உட்கார்ந்திருப்பார். அந்த நிம்மதி அவருக்கு வேறெங்கும் கிடைக்கவில்லை.

1972-ல் இந்திய அரசு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டு வந்தது. இன்று கரடி அச்சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதை வேட்டையாடுவது கடுமையான குற்றம். மனித உயிருக்கு ஆபத்தான மிருகம் என்றால், மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளர்தான் உத்தரவு தர முடியும். துப்பாக்கி வைத்திருக்கவே 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி லைசென்சு வேண்டும்.

சட்டம் வந்த இரண்டாம் ஆண்டில், 1974 ஆகஸ்டு 30-ந் தேதி, புற்றுநோயால் பெங்களூரில் ஆண்டர்சன் காலமானார். அவர் நடந்த அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைக் காடுகளின் பல பகுதிகள் 2014-ல் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயமாயின.

கரடிக் காட்டுக்குப் போகிறவர்களுக்கு இன்று துப்பாக்கி தேவை இல்லை. தனியே போகாமல் நாலு பேராகப் போக வேண்டும். விடியலிலும் அந்தியிலும் புதர் ஓரம் நடக்கக் கூடாது. அத்தியும் நாவலும் பழுக்கும் காலத்தில் மரத்தடியில் கவனம் வேண்டும். உரக்கப் பேசிக்கொண்டே நடந்தால் கரடி முன்கூட்டியே கேட்டு விலகிப்போக வழி உண்டு.

காட்டை அறிந்தவனுக்குத் துப்பாக்கி கடைசித் துணைதான். முதல் துணை அறிவு. மிகப் பலமான ரைபிளைத் தேடிப் பிடித்த ஆண்டர்சன், முடிவில் அதைக் கீழே வைத்துவிட்டுத்தான் காட்டை முழுமையாக அனுபவித்தார்.